கினியாப்புல்லும் ஐந்து வேளைக் குளியலும்

கினியாப்புல்லைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அது குளிக்கிற தண்ணீரில் பிரமாதமாக வளரும் என்பதுதான். எந்த விவசாயப் புத்தகத்திலும் படித்து இதைத் தெரிந்துகொள்ளவில்லை. சொந்த உடம்பைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம், சங்கரன்கோவிலில் நான்கு மாதம் நான் நாளுக்கு ஐந்து வேளை குளித்தேன். ஒன்று பக்தியாக இருக்க வேண்டும், இல்லை வியாதியாக இருக்க வேண்டும் என்று தெரு நினைத்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, வியாதிதான் என்று முடிவு கட்டியது.

எனக்கு அப்போது ஓர் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் இளையரசனேந்தல் பக்கம். மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் அண்ணாந்து பார்ப்பது என்று இருக்கிற சீமை அது. ஒரு செம்புத் தண்ணீரில் முகத்தையும் காலையும் கழுவி, மிச்சத்தைக் கோழிக்கு வைக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். இரண்டு நாளைக்கு ஒரு குளியல் என்பதே எங்கள் வீட்டில் கொஞ்சம் ஆடம்பரம்தான்.

மனைவிக்கு ராயகிரி. கிணறும் தோட்டமுமாக, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாடு நிற்கிற வீடு. அங்கிருந்து வந்தவளுக்குச் சங்கரன்கோவிலில் நான் பிடித்திருந்த வாடகை வீடு தீப்பெட்டி மாதிரி இருந்திருக்கும். அவள் எதுவும் சொல்லவில்லை. கூடவே சீதனமாக ஒரு எருமை வந்தது. அதுவும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அது வீட்டைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கல்யாணம் ஆகி எட்டு மாதம். அந்தக் காலத்தில் புது மாப்பிள்ளை பெண்டாட்டியோடு பேசுவதற்கு ‘காப்பி’, ‘குடை’, ‘வாரேன்’ என்று மூன்று சொல் போதும். நான் குடையும் வைத்துக்கொள்வதில்லை. அவளோ பேசப் பிறந்தவள். ஆள் கிடைக்காததால் எருமையிடம் பேசினாள். சாயங்காலம் தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டே அன்றைய சமாசாரம் பூராவும் அதனிடம் சொல்வாள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும் என்பதை அப்படித்தான் நான் தெரிந்துகொண்டேன். நான் தூக்கத்தில் ஆபீஸ் காகிதங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்பதும் எருமைக்குச் சொல்லப்பட்டுத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. மார்கழிக்குள் சுற்றுவட்டாரத்தில் வைக்கோல் என்ற பொருளையே காணோம். எருமைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: “தீனி இல்லாம வாயில்லாச் சீவன இங்கன கட்டிப்போட முடியாது. எங்கம்மாட்டயே அனுப்பிருவோம். நானும் கூடப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வாரேன்.”

நான் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தேன். அவர்கள் குடும்பத்து ஒரு மாசம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அக்காள் ஒரு மாசம் என்று சொல்லிவிட்டு ராயகிரிக்குப் போனவள், ஒன்றரை வருஷம் கழித்துத்தான் திரும்பினாள். ‘நீ போகாதே’ என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். அதை விட்டுவிட்டு, “தீனிக்கு ஏற்பாடு பண்ணுதேன்” என்று மட்டும் சொன்னேன். எருமை நின்றால் அவளும் நிற்பாள் என்பது என் திட்டம்.

விவசாய இலாகாக்காரர் ஒருவர் அப்போது சைக்கிளில் சாக்குமூட்டையோடு அலைந்துகொண்டிருந்தார். மூட்டையில் இருந்தது கினியாப்புல் தூர், மாட்டுத் தீனிக்கான புல்லின் வேர்க்கட்டை. அதை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவர் சைக்கிள் மணி கேட்டாலே விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் கருவேல மரத்துக்குப் பின்னால் மறைவார்கள். உளுந்தும் பருத்தியும் போடுகிற மண்ணில் புல்லை நடச் சொன்னால் மறையாமல் என்ன செய்வார்கள். நான் அவரைத் தேடிப் போனேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். அறுபது தூர் எண்ணிக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார்.

“முழத்துக்கு ஒரு தூர் வையுங்க. எழுபத்தஞ்சு நாள்ல மொத அறுப்பு. அப்புறம் நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்க அறுத்துக்கிட்டே இருக்கலாம். அடியோட அறுத்துராதீங்க, நாலு வெரக்கடை உசரம் விடணும். பூக்கவும் விடப்படாது. பூத்தா தண்டு முத்திப்போகும், மாடு மொகத்தைத் திருப்பிக்கிடும். அறுப்புக்கு அறுப்பு கொஞ்சம் சாணி. ஒருக்க நட்டா வருசக்கணக்குல வரும் சார். ஒண்ணே ஒண்ணு, தண்ணி மட்டும் காட்டணும்.”

அந்த ஒண்ணே ஒண்ணில்தான் சிக்கல் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் அடுத்த வீட்டிலேயே இருந்தார். ரிட்டையரான ஹெட்மாஸ்டர். கிறிஸ்தவர். மனைவி காலமாகி, பிள்ளைகள் வெளியூரில் உத்தியோகத்தில் இருந்தார்கள். கண்டிப்புக்குப் பேர்போனவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. நடுவே காம்பவுண்டுச் சுவர் கிணற்றுக்கு மேலேயே போகும். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு கப்பி, இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு கப்பி. வீட்டுக்குக் குடிவந்த அன்றே அவர் சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

“மனுசருக்கு எவ்வளவு வேணும்னாலும் எறைச்சுக்கிடும். மாடு குடிக்கட்டும். செடி கொடிக்கு மட்டும் ஒரு வாளி கூடாது. முன்னால இருந்தவரு வாழை வச்சு என் கெணத்தையே குடிச்சிட்டாரு வே.”

“குளிக்கிற தண்ணி புறவாசல்ல ஓடுமே சார்?”

“குளிச்ச தண்ணி எங்கன போனா எனக்கென்ன வே?”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். குமாஸ்தாவுக்கு உத்தரவில் இப்படி ஒரு வாசகம் கிடைத்தால் போதும். தண்ணீரை நேராகப் புல்லுக்கு ஊற்றினால் குற்றம். அதே தண்ணீர் ஒரு மனித உடம்பில் பட்டு இறங்கினால் சட்டத்துக்கு உட்பட்டது.

தை மாதம் புறவாசலில் குளிக்கிற கல்லை ஒட்டி ஆறு வரிசையாக நட்டேன். முதலில் எருமையைத்தான் குளிப்பாட்டிப் பார்த்தோம். அதுவும் மாடுதானே, தண்ணீர் நிறையப் பிடிக்கிற உடம்பும்கூட. ஆனால் ‘குடிக்கட்டும்’ என்றுதான் அவர் சொன்னாரே தவிரக் குளிக்கட்டும் என்று சொல்லவில்லை என்று எனக்கு உறுத்தல். எருமை அந்த உறுத்தலுக்கு இடம் வைக்கவில்லை. நான் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் நான்கு தூரைப் பிடுங்கித் தின்றுவிட்டது. ஐம்பத்தாறு மிச்சம்.

ஆகவே நானே குளித்தேன். விடியலில் ஒன்று, ஆபீஸுக்குக் கிளம்பும் முன் ஒன்று, மத்தியானம் சாப்பிட வரும்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. அவள் பங்குக்குக் காலையில் ஒரு குளியல். “ஆம்பள குளிச்சா போதும், எனக்கு அடுப்பு வேலை கெடக்கு” என்று அதற்கு மேல் மறுத்துவிட்டாள். கல்லின் மேல் நின்று குளித்தால் முதல் இரண்டு வரிசைக்குத்தான் தண்ணீர் எட்டியது. அதனால் நான் வரிசைக்குள்ளேயே போய் நின்று குளிக்க ஆரம்பித்தேன். காலையில் ஒன்றாம் வரிசை, ஆபீஸ் குளியல் இரண்டாம் வரிசை என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன்.

புல் வளர்ந்தது. நானும் நடுங்கினேன். ஆபீஸில் நாள் முழுக்கத் தும்மினேன். பேனா பிடிக்கிற விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, வெள்ளைவெளேர் என்று இருந்தது. அதைவிடப் பெரிய உபத்திரவம் ஒன்று இருந்தது. கினியாப்புல் இடுப்பு உயரம் வந்துவிட்டால் அதன் ஓலை விளிம்பு சும்மா இருக்காது, தோலைக் கீறும். தண்டில் பூனைமயிர் மாதிரி ஒரு சுணை உண்டு. ஈர உடம்போடு அதற்குள் நின்று வந்தால் மணிக்கணக்கில் அரிக்கும். நான் சொறிந்தேன். ஆபீஸில் சொறிந்தேன், தெருவில் சொறிந்தேன், ஒரு தடவை கோமதியம்மன் சன்னிதியில் தீபாராதனை காட்டும்போதும் சொறிந்தேன்.

ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹெட்மாஸ்டரின் குரல் வந்தது.

“என்ன வே, கப்பி சத்தம் ஓயவே மாட்டேங்கு. இன்னும் பொழுது ஏறல, அதுக்குள்ள ரெண்டாவது குளியலா?”

“ஆமா சார்.”

“வெக்கப்படாம சொல்லும். படையா, சொறியா?”

நான் திகைத்தேன். இல்லை என்றால் ஏன் குளிக்கிறாய் என்ற கேள்வி வரும். புல்லுக்கு என்றால் வம்பு. “சொறிதான் சார்” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக நான் வேறு எந்தப் பொய்யும் சொன்னதில்லை. மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நாவிதர் என்னைக் கண்டதும் கத்தியை மடக்கினார். பக்கத்து மேஜைக்காரர் என் மசிக்கூட்டைத் தொடுவதை விட்டார். அன்று சாயங்காலம் தொழுவத்தில் எருமையிடம் சொல்லப்பட்ட செய்தி இது: “கேட்டியாட்டி, எதுத்த வீட்டுக்காரி மோருக்கு வந்தவ, காலி ஏனத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா. சொறியன் பொண்டாட்டின்னு பேரு வாங்கிக் குடுத்துட்டாரு. ஊருக்குப் போனாத்தான் சரிப்படும்.”

அவளை நிறுத்தத்தான் இந்தப் பாடு. இந்தப் பாடே அவளைக் கிளப்பிவிடும் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. ஹெட்மாஸ்டர் மாதாகோயிலில் ஜெபம் முடிந்து, வெள்ளை ஜிப்பாவோடு, கையில் கந்தகக் களிம்புச் சீசாவோடு நேரே எங்கள் புறவாசலுக்கு வந்துவிட்டார். நோயாளியை நேரில் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம். நான் மூன்றாம் வரிசையில் நின்று குளித்துக்கொண்டிருந்தேன். மார்பு வரை புல். கையில் வாளி.

“என்ன வே இது?”

“புல்லு சார்.”

“புல்லுன்னு எனக்கும் தெரியும். செடி கொடிக்குத் தண்ணி கூடாதுன்னு சொன்னனா, இல்லையா?”

“நான் குளிக்கேன் சார்.”

“புல்லுக்குள்ள நின்னா?”

“குளிச்ச தண்ணி எங்கன போனா எனக்கென்னன்னு நீங்கதான சார் சொன்னீய.”

ஹெட்மாஸ்டர் யோசித்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நீதி வழங்கியவர். தான் சொன்ன வார்த்தையைத் தானே மாற்றுவது அவரால் ஆகாத காரியம். “தண்ணி முழுக்க உம்ம மேல பட்டுதா?” என்று கேட்டார்.

“பட்டுது சார்.”

“இப்ப ஊத்தும், பாப்போம்.”

தலையோடு ஒரு வாளி ஊற்றினேன். பரீட்சை ஹாலில் நடப்பதுபோல என்னைச் சுற்றி வந்து பார்த்தார். “வலது தோள் காஞ்சுகெடக்கு. பாதித் தண்ணி நேரா புல்லுக்குப் போயிட்டு” என்றார். மறுபடி ஊற்றினேன். இந்தத் தடவை தோளைக் குனிந்து காட்டி ஊற்றினேன். “இது சரி” என்று தலையை ஆட்டினார். சொறி உண்டா என்று கேட்டார். இல்லை சார், எருமைக்காக என்றேன். என் கைக் கீறல்களைக் குனிந்து பார்த்தார். பிறகு களிம்புச் சீசாவைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, “புல்லுக் கீறலுக்கும் இது கேக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சொறி இல்லை என்ற விஷயத்தைத் தெருவுக்கு அவரே தெரிவித்தார். அவர் சொன்னால் தெரு நம்பும்.

பின்கதவில் நின்று அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். வாயைச் சேலையால் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. எருமையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அன்றுதான். ஈரத்தோடு, நடுங்கிக்கொண்டு, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பங்குனிப் பாதியில் முதல் அறுப்பு. பன்னருவாளை அவளே எடுத்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, “பேனா பிடிக்கிற கை, வெரலைத்தான் அறுப்பிய” என்றாள். நான்கு விரற்கடை விட்டு அவள் அறுக்க, நான் கட்டுக் கட்டினேன். கொஞ்சநஞ்சம் இருந்த பழைய சோளத்தட்டையோடு நறுக்கிக் கலந்து வைத்ததும் எருமை தலையைத் தூக்கவில்லை. பதினைந்தே நாளில் அதன் விலா மறைந்தது. பால் கூடியது. ஒரு மாசம் பற்றிய பேச்சும் நின்றது. அறுத்த கட்டையிலிருந்து மூன்றாம் நாளே பச்சை கிளம்பிவிட்டது. நான் மறுபடி வாளியைத் தூக்கினேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து சித்தப்பா வந்தார். முன்பெல்லாம் சொந்தக்காரர் வந்தால் எனக்கு முகம் சுண்டும். இப்போது இன்னோர் உடம்பு வருகிறதே என்று மனம் குளிர்ந்தது. சித்தப்பாவும் ஏமாற்றவில்லை. ஆயுசு பூராவும் தண்ணீரைத் தள்ளிநின்று பார்த்தவர். தாராளமாகக் குளிக்கலாம், புல்லுக்குள் நின்று குளிக்க வேண்டும் என்று சொன்னதும் காரணமே கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் குளித்தார். சாப்பிட்டார். மறுபடி குளித்தார். தேர் அன்று தேரைக்கூடப் பார்க்காமல் குளித்தார். அவருக்கு வடித்துக் கொட்டியே அவளுக்குக் கை ஓய்ந்தது. “புல்லுத் திங்குத எருமை பரவாயில்ல” என்று தொழுவத்தில் முறையிட்டாள்.

இரண்டாம் அறுப்பு வந்தது. எருமை கட்டுக்குள் மூக்கை வைத்தது. பெருமூச்சு விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூக்கவில்லை, முற்றவில்லை, தளதள என்று இருக்கிற புல். என்ன குற்றம் என்று எங்களுக்குப் புரியவில்லை. கடைசியில் அவள்தான் ஒரு தூரைப் பிடுங்கி மோந்து பார்த்தாள்.

“சோப்பு வாடை” என்றாள்.

சித்தப்பா பத்து நாளில் முழுசாக இரண்டு சிவப்புச் சோப்புக் கட்டியைக் கரைத்திருந்தார். நான் ஆரம்பத்திலிருந்தே வெறும் தண்ணீரில் குளிப்பவன். அது சிக்கனம், அவ்வளவுதான். எருமைக்கு அது தோதாகப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. சோப்பு இல்லாமல் குளிக்க முடியுமா என்று சித்தப்பாவிடம் பக்குவமாகக் கேட்டேன். “எருமைக்கு வாசம் பிடிக்கலன்னு மனுசன் அழுக்கோட இருக்கணுமாலே?” என்று அன்றே மூட்டையைக் கட்டிவிட்டார். புல்லை மூன்று தண்ணீரில் அலசிப் போட்டோம். அலசிய தண்ணீருக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று நான் ஹெட்மாஸ்டரிடம் கேட்கவில்லை.

வைகாசியில் கிணறு கையை விரித்துவிட்டது. வாளி தரையில் இடித்துச் சேறோடு வந்தது. ஹெட்மாஸ்டர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: “குடிக்க மட்டும்தான் வே. எனக்கும் அதே சட்டந்தான்.” எல்லோரும் குளிக்கப் புளியங்குடி ரோட்டில் இருந்த ஒரு பம்ப்செட்டுக்கு நடந்தோம். அங்கே குளித்து இங்கே எப்படிப் பாய்ச்சுவது? ஹெட்மாஸ்டர் தமக்கு உள்ள அரை வாளித் தண்ணீரோடு தினமும் காலையில் எங்கள் புறவாசலுக்கு வந்து, புல்லோரமாகக் குனிந்து முகம் கழுவிவிட்டுப் போனார். அவர் முகம் அலம்பிய இடத்தில் இரண்டு தூர் மட்டும் பச்சையாக நின்றன. மற்றதெல்லாம் காய்ந்து மஞ்சளாயிற்று.

அவள் ராயகிரிக்குக் கார்டு போட்டாள். அவள் அப்பா ஒரு ஆளை அனுப்பினார். விடியலில் அந்த ஆள் எருமையை அவிழ்த்தான். அவள் அதன் நெற்றியைத் தடவி, காதில் ஏதோ சொன்னாள். இந்தத் தடவை எனக்குக் கேட்கவில்லை. எருமை திரும்பிப் பார்க்காமல் நடந்தது. எருமை அன்று பூராவும் நடந்து போய்ச் சேரும், அவள் காலை பஸ்ஸில் முன்னதாகப் போய்த் தொழுவத்தைப் பார்த்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு மாசம்தான் என்றாள். தகரப்பெட்டி ஒரு மாசத்துக்கு மேலேயே கனத்தது.

பஸ் நிலையத்தில், ராயகிரிக்கு வழியான புளியங்குடி வண்டி நின்றது. கண்டக்டர் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, “பெட்டியக் குடுங்க” என்று கையை நீட்டினார். நான் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினேன். அவர் ஒரு பக்கம் பிடித்தார். நான் விடவில்லை.

“விடுங்க சார்.”

விடவில்லை. அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். வண்டியில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள்.

“ஏத்தவா, வேண்டாமா சார்? ஒண்ணு சொல்லுங்க!”

“வேண்டாம்” என்றேன்.

“அப்ப எதுக்குத் தூக்குனீரு?”

“உங்கிட்டச் சொல்லல வே” என்று கத்தினேன். பெட்டி தலைமேல் இருக்க, அவள் பக்கம் முழுசாகத் திரும்ப முடியாமல், பாதி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “நீ போகாத. எருமை போகட்டும். எருமை எனக்கு எதுக்கு? நீ இருக்கணும்னுதான் புல்லு வச்சேன். நீ போனா நான் யாரு பேசுததக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க?”

கண்டக்டர் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். பெட்டியின் முழுக் கனமும் என் தலையில் இறங்கியது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, உதட்டில் சிரிப்பும் வந்தது.

“இந்த ஒரு வார்த்தையச் சொல்லுததுக்கா நாலு மாசமா குளிச்சீய?” என்றாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி நகர்ந்ததும் ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் எங்களைப் பார்த்தபடியே போயின. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். வழி பூராவும் பேசிக்கொண்டே போனாள். நான் பெட்டியோடு பின்னால் போனேன்.